கேத வீட்டுல அந்த 6 மணி நேரம்: கண் தானத்துக்கு வாயைத் திறக்குறது எப்படி

எங்க ஊரு வாடிப்பட்டி பக்கம். பெரியாறு வாய்க்கால் தண்ணி, நெல்லு வெவசாயம். இந்தப் பக்கம் பொறந்தவனுக்கு வீரத்தைப் பத்தி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல, தை பொறந்தா அவனியாபுரம் பாலமேடு அலங்காநல்லூர்னு வரிசையா வாடிவாசல் தொறக்கும், கருப்பசாமி கோயில்ல ஆளுயர அருவா நட்டு வச்சிருப்போம், நானே இருபது வயசுல பாலமேட்டுல திமிலைப் பிடிச்சுத் தொங்கி வலது தொடையில கொம்பு வாங்கினவன், தழும்பு இன்னும் இருக்கு. ஆனா எங்கப்பா செத்த அன்னைக்கு விடியக்காலம் 5 மணியில இருந்து 10:30 வரைக்கும் சட்டைப் பையில ஒரு சின்ன அட்டையை வச்சுக்கிட்டு வாயைத் திறக்காம நின்னேன்.

அது அப்பாவோட கண் தான அட்டை. சாகுறதுக்கு 4 வருஷம் முன்னாடி புரை ஆபரேஷன் பண்ணிக்கிட்டு வந்தப்ப அங்கயே எழுதிக் குடுத்துட்டு வந்திருந்தாரு, ரேஷன் கார்டு கவருக்குள்ள வச்சிருந்தாரு, "நான் போயிட்டா மறக்காம கூப்பிடுடா"ன்னு என்கிட்ட ரெண்டு மூணு தடவை சொல்லியும் இருந்தாரு. 4:30 மணிக்கு உயிர் போச்சு. 5 மணிக்கெல்லாம் அட்டையைத் தேடி எடுத்துட்டேன். அதுக்குள்ள பெரியப்பா வந்துட்டாரு, பங்காளிக வந்துட்டாங்க, அம்மா தலைமாட்டுல விழுந்து அழுதுக்கிட்டு இருக்கு, பெரியப்பா யார்கிட்டயோ "எந்தம்பியை முழுசா ராசா மாதிரி அனுப்பணும்டா"ன்னு சொல்றது காதுல விழுந்துச்சு, அவ்வளவுதான், என் நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு. சுவத்துக் கடிகாரத்தையே பாத்துக்கிட்டு நின்னேன். 8 ஆச்சு, 9 ஆச்சு, 10:30 தாண்டினதும், கண் எடுக்குறதுக்கான 6 மணி நேரம் முடிஞ்சிருச்சு, இனிமே கேட்டும் பிரயோஜனம் இல்லன்னு மனசுக்குள்ள ஒரு நிம்மதி வந்துச்சு பாருங்க, அந்த நிம்மதியைத்தான் என்னால இன்னைக்கு வரைக்கும் மன்னிக்க முடியல.

அதனால இதை எழுதுறேன். கண் தானம் நல்லதுன்னு எல்லாருக்கும் தெரியும், அதைச் சொல்றதுக்கு நான் தேவையில்ல. கேத வீட்டுல நாப்பது பேர் நடுவுல அதை எப்படிச் சொல்றது, யார்கிட்ட மொதல்ல சொல்றது, கையோட என்னென்ன செய்யணும், இதைத்தான் யாரும் சொல்லித் தரல.

மொதல்ல எதுக்காக இந்தக் கண்ணுன்னு ஒரு வார்த்தை. நம்ம பக்கம் "கண்ணுல பூ விழுந்துருச்சு"ன்னு சொல்லுவோம்ல, கருவிழி மேல கண்ணாடி மாதிரி இருக்குற படலம் புண்ணாகி ஆறுறப்ப வெள்ளையா தழும்பு கட்டிரும், வெளிச்சம் உள்ள போகாது. அறுப்புல நெல்லுத் தாள் அடிச்சிருக்கும், களத்துல தூத்துறப்ப உமி பறந்து விழுந்திருக்கும், கரும்புத் தோகை கீறியிருக்கும், சுண்ணாம்பு தெறிச்சிருக்கும். 1990கள்ல மதுரை மாவட்டத்துல எடுத்த ஒரு ஆய்வுல வருஷத்துக்கு லட்சம் பேர்ல 113 பேருக்கு இந்தக் கருவிழிப் புண்ணு வருதுன்னு கண்டாங்க, அமெரிக்காவுல இருக்குறதை விட பல மடங்கு அதிகம். தாய்ப்பாலை விடுறது, வெளக்கெண்ணெய் விடுறதுன்னு கை வைத்தியம் பாத்து பூஞ்சை ஏறிப் போய் ஆஸ்பத்திரிக்கு வர்றவங்கதான் நெறைய. (கண்ணுல ஏதாவது அடிச்சா சுத்தமான தண்ணியில கழுவிட்டு அன்னைக்கே கண் டாக்டர்கிட்ட போங்க, வேற எதையும் ஊத்தாதீங்க, கடையில தானா வாங்குற சொட்டு மருந்தும் வேணாம்.) பூ விழுந்த கண்ணுக்கு மருந்து கிடையாது, செத்துப் போன ஒருத்தரோட கருவிழியை எடுத்துத் தச்சாத்தான் பார்வை. எல்லாக் குருட்டுத்தன்மைக்கும் இது உதவாது, கருவிழி கெட்டவங்களுக்கு மட்டும்தான், ஆனா அவங்களுக்கு வேற வழியே இல்ல. 1905ல எடுவார்ட் சிர்ம்னு ஒரு டாக்டர் இப்ப செக் நாடா இருக்குற எடத்துல மொதமொதல்ல இந்த ஆபரேஷனை ஜெயிச்சுக் காட்டினாரு, பார்வை கெடைச்ச ஆளு யாருன்னா சுண்ணாம்பு பட்டு ரெண்டு கண்ணும் போன ஒரு கூலிக்காரரு. கேக்கையில நம்ம ஊர்க் கதை மாதிரியே இல்ல?

உயிரோட இருக்கப்ப பேசிருங்க

பாதி வேலை இங்கதான் முடியணும். அட்டை எழுதிக் குடுக்குறது நல்லதுதான் ஆனா அட்டை தானா எந்திரிச்சுப் போய் போன் பண்ணாது. நடைமுறையில அட்டை இருந்தாலும் வீட்டு ஆளுக கையெழுத்துப் போட்டாத்தான் எடுப்பாங்க, அட்டையே இல்லேன்னாலும் வீட்டு ஆளுக சம்மதிச்சா எடுத்துக்கலாம். அதனால எழுதுனவரு தன் தலைமாட்டுல அன்னைக்கு யாரு யாரு நிப்பாங்களோ அவங்க அத்தனை பேர்கிட்டயும் வாய்விட்டுச் சொல்லியிருக்கணும். எங்கப்பா வீட்டுல என்கிட்ட மட்டும் சொன்னாரு, பெரியப்பாகிட்ட சொல்லல, அம்மாகிட்ட கூட சொல்லல. ஒருத்தன் தலையில மட்டும் அதை வச்சுட்டுப் போனா அவன் என்னை மாதிரி ஆளா இருந்துட்டா முடிஞ்சுது கதை.

எப்ப பேசுறதுன்னா, ஆஸ்பத்திரிக் கட்டில்ல ஆக்சிஜன் ஏறிக்கிட்டு இருக்கப்ப பேசாதீங்க, அது கொடுமை. யாராவது புரை ஆபரேஷன் முடிஞ்சு வந்து கட்டு பிரிச்சு "அடேயப்பா இம்புட்டு வெளிச்சமா"ன்னு சொல்லுவாங்கள்ல, அன்னைக்குப் பேசுங்க. இல்லேன்னா வேற ஒரு கேதத்துக்குப் போயிட்டு வந்து குளிச்சுட்டு சோத்துக்கு உக்காருறப்ப பேசுங்க, அன்னைக்கு எல்லாருக்கும் சாவு நெனப்பு இருக்கும், யாரும் "அபசகுனமாப் பேசாத"ன்னு அடிக்க வரமாட்டாங்க. சுத்தி வளைக்க வேணாம். "ஏம்ப்பா, உங்க கண்ணை நாங்க என்ன பண்ணட்டும்?"னு நேராக் கேளுங்க. பெருசுக நாம நெனைக்கிற மாதிரி பயந்து போக மாட்டாங்க, பயம் பூரா நமக்குத்தான்.

பேசி முடிச்சதும் கண் வங்கி நம்பரை வாங்கி எழுதி வச்சிருங்க. மதுரையில அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில கண் வங்கி இருக்கு, மத்த ஊர்க்காரங்க பக்கத்துல இருக்குற கண் ஆஸ்பத்திரியில கேட்டாலே சொல்லுவாங்க. செல்போன்ல மட்டும் வச்சுக்காதீங்க, செல்போன்காரரே செத்துப் போயிட்டா லாக்கை யாரு எடுக்குறது.

உயிர் போனதும் மொத அரை மணி நேரம்

நேரம் என்னன்னு பாத்து மனசுல வச்சுக்கங்க. அதுல இருந்து 6 மணி நேரத்துக்குள்ள எடுத்தாகணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. சென்னையில இருந்து திருப்பூர்ல இருந்து சொந்தக்காரங்க வர்ற வரைக்கும் உடம்பை ஐஸ் பொட்டியில வச்சிருப்போம், அது உடம்புக்கு, கண்ணு அப்படிக் காத்திருக்காது. பொட்டி வந்துருச்சேன்னு மெத்தனமா இருந்துராதீங்க.

கண் இமையை மெதுவா மூடி விடுங்க. சுத்தமான பஞ்சை இல்லேன்னா வெள்ளைத் துணியை நல்ல தண்ணியில நனைச்சுப் பிழிஞ்சு மூடின இமை மேல வைங்க, காயக் காய மாத்துங்க. ஃபேனை ஆஃப் பண்ணுங்க, இதை மட்டும் யாரும் செய்ய மாட்டாங்க, கூட்டம் கூடுதேன்னு ஃபேனை ஃபுல்லுல வைப்பாங்க, அந்தக் காத்துல கருவிழி காஞ்சு போயிரும். ஏசி இருந்தா போட்டுக்கலாம். தலைக்கு ஒரு தலகாணி வச்சு அரை அடி மாதிரி உசத்துங்க, எடுக்குறப்ப ரத்தம் கசியாம முகம் வீங்காம இருக்குறதுக்கு. இதெல்லாம் நாடிக்கட்டு கட்டுறது, கால் பெருவெரலைக் கட்டுறது, நெத்தியில காசு வைக்கிறது இதுகளோட சேத்து செஞ்சுட்டா யாரும் என்ன ஏதுன்னு கேக்கக்கூட மாட்டாங்க.

கையோட போன். சொந்தக்காரங்களுக்குச் சொல்ற போனுக்கு முன்னாடி இந்த போன். பேரு, வயசு, எத்தனை மணிக்கு உயிர் போச்சு, எப்படிப் போச்சு, என்னென்ன நோய் இருந்துச்சு, வீட்டு அட்ரஸு இதுதான் கேப்பாங்க. கிராமமா இருந்தா எந்த டீக்கடைகிட்ட திரும்பணும்னு சொல்லுங்க, ஒரு பயலை பைக்கோட மெயின் ரோட்டுல நிறுத்துங்க. உடம்பை நாம எங்கயும் தூக்கிட்டுப் போக வேண்டியதில்ல, அவங்களே வீட்டுக்கு வருவாங்க, அதுக்குன்னு ஒத்தப் பைசா கிடையாது. வீட்டுலயே இறந்திருந்தா வழக்கமாப் பாக்குற டாக்டர்கிட்ட இறப்புச் சான்று வாங்க ஒருத்தரை அனுப்பி விடுங்க, ஆஸ்பத்திரியில இறந்திருந்தா அந்தக் கேஸ் ஷீட்டு போதும்.

சுகர் இருந்துச்சு, பிரஷர் இருந்துச்சு, கண்ணாடி போட்டிருந்தாரு, புரை ஆபரேஷன் பண்ணவரு, எம்பது வயசு, இது எதுவும் தடை இல்ல. வெறிநாய்க் கடி, எச்ஐவி, மஞ்சக்காமாலை பி சி, ரத்தப் புற்றுநோய், உடம்பு பூரா சீழ் ஏறின செப்சிஸ், மூளைக் காய்ச்சல் இந்த மாதிரி இருந்தா எடுக்க மாட்டாங்க, மறைக்காம சொல்லிருங்க. போஸ்ட்மார்ட்டம் கேஸா இருந்தா போலீஸ்கிட்ட கேட்டுக்கிட்டு செய்யலாம், அதையும் கண் வங்கிக்காரங்களே சொல்லிக் குடுப்பாங்க.

வாயைத் திறக்குறது

இப்ப வர்றேன் உண்மையான வேலைக்கு.

கூட்டத்துக்கு நடுவுல நின்னு அறிவிக்காதீங்க. அறிவிச்சா நாப்பது பேருக்கும் ஒரு கருத்து இருக்கும், அதுல மொதல்ல "வேணாம்"னு கத்துறவன்தான் ஜெயிப்பான். மொதல்ல யாரோட தாலி அறுந்துச்சோ அவங்க பக்கத்துல போய்த் தரையில உக்காருங்க, நின்னுக்கிட்டுப் பேசாதீங்க, கையைப் பிடிங்க. "அம்மா, அப்பா ஒண்ணு கேட்டுட்டுப் போயிருக்காரு. கண்ணைக் குடுக்கச் சொன்னாரு. நீ சரின்னு சொன்னா செய்யிறேன்." இவ்வளவுதான். விளக்கம் குடுக்காதீங்க, அழுதா அழ விடுங்க, பதிலுக்குக் காத்திருங்க. இது உங்க யோசனைன்னு ஒரு நிமிஷம் கூட யாருக்கும் தோணக்கூடாது, இது செத்தவரு கேட்டது. எல்லாச் சண்டையிலயும் இதுதான் உங்க கையில இருக்குற ஒரே ஆயுதம், அட்டை இருந்தா அதைக் கையில எடுத்துக் காட்டுங்க. என்னை மாதிரி பையிலயே வச்சுக்கிட்டு நிக்காதீங்க.

அவங்க சரின்னதும் வீட்டுக்குப் பெரியாம்பளை யாரோ அவரைத் தனியா வாசப்பக்கம் கூட்டிட்டுப் போங்க. அவரைக் கேக்காம செஞ்சாத்தான் பிரச்சினை, கேட்டுட்டா முக்கால்வாசிப் பேரு தலையாட்டிருவாங்க. "பெரியப்பா, நீங்கதான் முன்ன நின்னு நடத்தணும்"னு சொல்லுங்க, அது பொய்யில்ல, அவரு முன்ன நின்னா வேற யாரும் பேச மாட்டான்.

செத்தது பொம்பளையா இருந்தா பொறந்த வீட்டை மறந்துராதீங்க. இது நம்ம பக்கத்துல கையெழுத்தை விடப் பெருசு. பொறந்த வீட்டுக் கோடித் துணி வந்து எறங்குறதுக்கு முன்னாடி எங்க பொண்ணு மேல எப்படிடா கத்தி வச்சீங்கன்னு கேட்டா அதுக்கு யாராலயும் பதில் சொல்ல முடியாது, கேதம் கலவரம் ஆயிரும். அண்ணன் தம்பிக்கு உடனே போன் போட்டு அவங்க வாயால சரின்னு வாங்கிருங்க.

"முழுசா அனுப்பணும்"னு சொல்லுவாங்க. எங்க பெரியப்பா சொன்ன அதே வார்த்தை. அதுக்கு நான் இப்ப சொல்ற பதில், முகம் மாறாது பெரியப்பா, எடுத்த எடத்துல ஒரு மூடி மாதிரி வச்சு இமையை மூடிருவாங்க, தூங்குற மாதிரிதான் இருக்கும், நீங்களே கூட நின்னு பாருங்க. "அடுத்த பொறவியில குருடாப் பொறப்பான்"னு கிழவிக சொல்லும். சண்டை போடாதீங்க, கண்ணப்ப நாயனாரு கண்ணைக் குடுத்தாரே அவரு குருடாவா போனாரு, சாமிகிட்டல்ல போய்ச் சேந்தாருன்னு சொல்லுங்க, அதுக்கு மேல அவங்க பேச மாட்டாங்க, ஏன்னா அந்தக் கதையை நமக்குச் சொன்னதே அவங்கதான். "காசுக்கு விக்கிறான்"னு ஒருத்தன் கண்டிப்பா கிளப்புவான். 1994ல வந்த உறுப்பு மாற்றுச் சட்டப்படி விக்கிறதும் குத்தம் வாங்குறதும் குத்தம், அங்கிட்டும் காசு இல்ல இங்கிட்டும் காசு இல்ல, அவ்வளவுதான் பதில், கோவப்படாதீங்க.

ஒரு வார்த்தையை மட்டும் சொல்லிராதீங்க. "எப்படியும் தத்தனேரியில வச்சு எரிக்கத்தானே போறோம்." நியாயம்தான், ஆனா அந்த நேரத்துல பொண்டாட்டி புள்ளைக காதுல அது செருப்பால அடிச்ச மாதிரி விழும். நியாயமாப் பேசி ஒரு கேத வீட்டுல யாரும் எதையும் சாதிச்சதில்ல.

செத்தவரோட விருப்பம் என்னன்னு யாருக்குமே தெரியலன்னா ஒரே ஒரு தடவை கேளுங்க, வேணாம்னா விட்டுருங்க. வேணாம்னு சொல்ற குடும்பம் கோழைக் குடும்பம் இல்ல, அவங்க துக்கம் அவங்க உரிமை. நான் கோழைன்னு சொல்றது யாரைன்னா, கேட்டதைத் தெரிஞ்சுக்கிட்டே அமுக்கினவனை. அந்த வார்த்தை என்னது இல்ல, எங்க அத்தை எனக்குக் குடுத்தது.

அத்தை

அப்பாவோட கருமாதி முடிஞ்சு பந்தல் பிரிக்கிறப்ப அப்பாவோட அக்கா, சோழவந்தான் பக்கம் கட்டிக் குடுத்திருந்த எங்க அத்தை, என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டுச்சு. "எந்தம்பி கண்ணைக் குடுக்கச் சொன்னானாமேடா, என்கிட்டயும் ஒரு நா சொன்னான், நான் வர்றதுக்குள்ள நேரம் போச்சுன்னாங்க, நீ பக்கத்துலதான நின்ன?" நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னேன். அது திட்டல. "அவன் சொன்னதை அமுக்கிட்டியேடா. என்னதை அமுக்கிராத"ன்னு மட்டும் சொல்லிட்டு சேலை முந்தியில மூக்கைத் துடைச்சுக்கிட்டுப் போயிருச்சு.

மூணு வருஷம் கழிச்சு ஒரு ஐப்பசி மாசம் மத்தியானம் 2:15க்கு அத்தை போயிருச்சு. உடம்பு முடியலன்னு பாக்க வந்திருந்தேன், நான் அங்கதான் இருந்தேன். இந்தத் தடவை யோசிக்கவே இல்லன்னு சொன்னா பொய், வயித்தைக் கலக்குச்சு, வாடிவாசல்ல கூட அப்படிக் கலக்கினதில்ல. அங்க மாடு ஒண்ணுதான் எதிர்ல, கூட்டம் பூரா நம்ம பக்கம் விசிலடிக்கும். இங்க கூட்டம்தான் எதிர்ல.

மச்சான் கையைப் பிடிச்சு வாசலுக்குக் கூட்டிட்டுப் போனேன். "மச்சான், அத்தை கண்ணைக் குடுக்கச் சொல்லுச்சு. கையெழுத்து நீங்கதான் போடணும், ஆனா பொறந்த வீட்டு ஆளா நான் நிக்கிறேன், எங்க வீட்டுல இருந்து யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டாங்க, அதுக்கு நான் பொறுப்பு." அவரு கொஞ்ச நேரம் என் மூஞ்சியையே பாத்தாரு. "எனக்கும் சொல்லியிருக்கு மாப்ள, எப்படிக் கேக்குறதுன்னுதான்..."ன்னு இழுத்தாரு. ரெண்டு பேரும் அதே விஷயத்தை மனசுல வச்சுக்கிட்டு அடுத்தவன் கேக்கட்டும்னு நின்னிருக்கோம். எத்தனை வீட்டுல இப்படி நடக்குதோ.

2:40க்கு போன் பண்ணேன், 4:20க்கு ஒரு டாக்டரும் கூட ஒரு பையனும் ஒரு சின்ன ஐஸ் டப்பாவோட வந்தாங்க. மொதல்ல அத்தை கால்மாட்டுல நின்னு ரெண்டு பேரும் கும்பிட்டாங்க. மச்சான் ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டாரு, சாட்சியா நானும் இன்னொருத்தரும் போட்டோம். பொம்பளைகளை வெளிய இருக்கச் சொல்லிட்டுக் கதவைச் சாத்தினாங்க, கூட ஒருத்தர் இருக்கலாமான்னு கேட்டேன், இருங்கன்னாங்க. கையில ஒரு ஊசி போட்டுக் கொஞ்சம் ரத்தம் எடுத்துக்கிட்டாங்க, நோய் ஏதும் இருக்கான்னு பாக்குறதுக்கு. அப்புறம் இமையைச் சுத்தி மருந்தால துடைச்சாங்க, எங்க அப்பத்தா கொழந்தைக்கு மை வைக்கிறப்ப எப்படி மெதுவா வெரலை வைக்குமோ அப்படி. கரண்ட் கொஞ்சம் மங்கலா இருந்துச்சு, நான் செல்போன் டார்ச்சைப் பிடிச்சேன். கை நடுங்குச்சு, அந்தப் பையன் என் மணிக்கட்டைத் தொட்டு லேசா உசத்திப் பிடிக்கச் சொன்னான். முழுக் கண்ணையும் எடுக்குறதும் உண்டு, கருவிழியை மட்டும் எடுக்குறதும் உண்டு, அத்தைக்கு கருவிழி மட்டும்தான் எடுத்தாங்க. வெள்ளரி வெதையை விடக் கொஞ்சம் பெருசா ஒரு வட்டம், தண்ணி மாதிரி தெளிவா இருந்துச்சு, எம்பத்தோரு வருஷம் பாத்த கண்ணு. ஒரு சின்ன குப்பியில மருந்துத் தண்ணிக்குள்ள விட்டு மூடினாங்க, வலது இடதுன்னு எழுதினாங்க. மூடியை வச்சு இமையை மூடி, நெத்தியில இருந்த காசு நகந்திருந்துச்சு, அதை அந்த டாக்டரே எடுத்து நேரா வச்சாரு. 4:45க்கு கதவு தொறந்துருச்சு.

அத்தை மக ஓடி வந்து மொகத்தைத் தடவிப் பாத்துச்சு. ஒண்ணும் மாறல. அதுக்கப்புறம்தான் எங்க வீட்டுல இருந்து கோடி வந்துச்சு, பெரியப்பாவும் வந்தாரு, தடியை ஊனிக்கிட்டு. நானே போய்ச் சொன்னேன், அத்தை கண்ணைக் குடுத்துட்டோம் பெரியப்பான்னு. அவரு அத்தையைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. "தம்பியும் கேட்டானாடா?"ன்னாரு. ஆமான்னேன். வாய்க்கரிசி போடுற வரைக்கும் அவரு யார்கிட்டயும் பேசல.

ஐசியூவுல மூளைச்சாவுன்னு சொன்னா

இது வேற, கண்ணை விடப் பெரிய முடிவு, சுருக்கமாச் சொல்லிர்றேன். பெரும்பாலும் பைக் ஆக்ஸிடென்ட்ல தலையில அடிபட்ட இளவட்டப் பயலுகளா இருக்கும், வெண்டிலேட்டர்ல நெஞ்சு ஏறி எறங்கும், உடம்பு சூடா இருக்கும், உயிரோட இருக்குற மாதிரியே இருக்கும், அதனாலதான் அம்மா அப்பாவால நம்ப முடியாது. டாக்டர்கள் குழு 6 மணி நேர இடைவெளியில ரெண்டு தடவை சோதிச்சுத்தான் மூளைச்சாவுன்னு எழுதணும், அது சட்டம், ரெண்டு சோதனையைப் பத்தியும் கேட்டுத் தெரிஞ்சுக்குற உரிமை உங்களுக்கு இருக்கு, கேளுங்க, சந்தேகத்தோட கையெழுத்துப் போடாதீங்க. இருதயம், ரெண்டு நுரையீரல், கல்லீரல், ரெண்டு கிட்னி, கணையம்னு ஒருத்தரால ஏழெட்டுப் பேரு வரைக்கும் பொழைக்கலாம். 2023 செப்டம்பர் 23ல இருந்து தமிழ்நாட்டுல உறுப்பு தானம் பண்ணினவங்க இறுதிச் சடங்கை அரசு மரியாதையோட நடத்துறாங்க.

அதைக் கேள்விப்பட்டப்ப எனக்கு புலிமான்கோம்பைதான் ஞாபகம் வந்துச்சு. இங்க இருந்து மேற்க, ஆண்டிபட்டி பக்கம் வைகைக் கரையில இருக்குற ஊரு. 2006ல அங்க நடுகல்லு கண்டெடுத்தாங்க, ரெண்டாயிரம் வருஷத்துக்கும் முந்தினது, தமிழ் பிராமி எழுத்து. கூடல் ஊர்ல நடந்த மாடு கவர்ற சண்டையில செத்துப் போன அந்தவன்னு ஒருத்தனோட கல்லுன்னு அதுல ஒரு கல்லு சொல்லுது. அவன் எந்த ஊரு, என்ன பேரு, எதுல செத்தான் அவ்வளவுதான் எழுதியிருக்கு. ஜெயிச்சானா தோத்தானான்னு கல்லு சொல்லல, மாட்டை மீட்டாங்களா பறிகொடுத்தாங்களான்னும் சொல்லல. அவன் நின்ன எடத்துல நின்னான், கூட இருந்தவங்க அதை மறைக்காம கல்லுல வெட்டி வச்சாங்க. அவனுக்காக உளி பிடிச்சவனைப் பத்தி நான் அடிக்கடி நெனைச்சுக்குவேன்.

முடிஞ்சதுக்கு அப்புறம்

கண் வங்கியில இருந்து ஒரு நன்றிக் கடிதம், சான்றிதழ் வரும். யாருக்கு வச்சாங்கன்னு சொல்ல மாட்டாங்க, கேக்காதீங்க, அது அப்படி இருக்குறதுதான் நல்லது. வாங்கினவங்க நம்மகிட்ட கடன்பட்ட மாதிரி நிக்க வேண்டியதில்ல. எல்லாக் கருவிழியும் ஆபரேஷனுக்கு ஆகாது, சிலது படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் போகும், அதையும் முன்கூட்டியே மனசுல வச்சுக்கங்க. அத்தை சான்றிதழை மச்சான் ஃப்ரேம் போட்டு அத்தை படத்துக்குக் கீழ மாட்டியிருக்காரு, பதினாறுக்கு வந்த சனம் பூரா அதை வாசிச்சுட்டுத்தான் சாப்பிடப் போச்சு, அதுல ரெண்டு பேரு என்கிட்ட வந்து நம்பர் கேட்டாங்க.

எங்க வீட்டுல அடுப்படிக் கதவுக்குப் பின்னாடி மார்க்கர்ல எழுதி வச்சிருக்கோம். மேல கேஸ் புக்கிங் நம்பர், அதுக்குக் கீழ பால்காரர், அதுக்குக் கீழ கண் வங்கி. அதுக்கும் கீழ என் மக தன் கையெழுத்துல, அப்பா - ஆமா, அம்மா - ஆமா, அப்பத்தா - ஆமா, பெரிய தாத்தா - ஆமான்னு எழுதியிருக்கா. கடைசிப் பேரை அவ எழுதினது போன தீபாவளிக்கு. பெரியப்பா வந்திருந்தாரு, கண்ணாடியை மாட்டிக்கிட்டுக் கதவுகிட்ட போய் ஒவ்வொரு பேரா வாசிச்சாரு, அப்புறம் திரும்பி அவகிட்ட "எம் பேரை ஏன் ஆத்தா எழுதல?"ன்னு கேட்டாரு.